கிரகணத்தன்று காய் நறுக்கியதால் குழந்தைக்கு உதடு பிளந்ததா?

கேள்வி இது. தென்னாப்பிரிக்காவில் டர்பன் சேட்ஸ்வொர்த்தில் ஒரு தம்பதிக்கு 2026 ஜனவரி கடைசி வாரத்தில் முதல் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. மேலுதட்டின் இடப்பக்கத்தில் பிளவு, வாயின் மேற்கூரையான அண்ணத்திலும் பிளவு. 2025 செப்டம்பர் 7 மாலை சந்திர கிரகணம் பிடித்திருந்த நேரத்தில், ஐந்து மாதக் கர்ப்பிணியாக இருந்த மருமகள் அடுப்படியில் நின்று கத்திரிக்காய் நறுக்கினார். அதனால்தான் இப்படி ஆயிற்று என்கிறார் மாமியார். குழந்தையின் தகப்பன் கேட்கிறார்: அது உண்மையா? இல்லையென்றால் வேறு எதனால்? அடுத்த குழந்தைக்கும் வருமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரகணத்தால் வரவில்லை, கத்தியாலும் வரவில்லை. உங்கள் மனைவி அன்று அடுப்படிப் பக்கமே போகாமல், திரையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தாலும் குழந்தை இதே உதட்டோடுதான் பிறந்திருக்கும். அந்த மாலைக்கு இரண்டு மாதத்துக்கும் முன்பே அந்த உதடு உருவாகி முடிந்துவிட்டது.

இதை என் வார்த்தைக்காக நம்ப வேண்டாம், கணக்குப் போட்டுப் பாருங்கள். செப்டம்பர் 7 அன்று 20 வாரம் என்றால், கடைசி மாதவிலக்கின் முதல் நாள் ஏப்ரல் 20 வாக்கில். கரு தரித்தது மே முதல் வாரம். மேலுதட்டின் துண்டுகள் ஒன்றுசேர்வது கரு தரித்த நான்காவது வாரத்துக்கும் ஏழாவது வாரத்துக்கும் இடையில். உங்கள் கணக்கில் அது ஜூன் 1 முதல் ஜூன் 22 வரை. அண்ணம் மூடத் தொடங்குவது அதை ஒட்டி. பன்னிரண்டாவது வாரத்துக்குள், அதாவது ஜூலை முடிவதற்குள், அந்த வேலையும் தீர்ந்துவிடும். கிளினிக்கில் கொடுத்த கர்ப்பகால அட்டையை எடுத்து இந்தத் தேதிகளைச் சரிபாருங்கள். ஒரு வாரம் முன்பின் போகலாம், அதற்கு மேல் போகாது. செப்டம்பர் மாலையில் நடந்த எதுவும் ஜூனில் சேர்ந்த உதட்டைப் பிளக்க முடியாது. கிரகணம் வந்த அந்த 20ஆவது வாரத்தில் நல்ல கருவி வைத்து ஸ்கேன் பார்த்திருந்தால் உதட்டுப் பிளவு அப்போதே தெரிந்திருக்கும். அண்ணப் பிளவு ஸ்கேனில் பெரும்பாலும் தப்பிவிடும்.

உதடு எப்படிப் பிளக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மீதி தானாக விளங்கும். உண்மையில் அது பிளப்பதே இல்லை. சேர வேண்டியது சேராமல் நின்றுவிடுகிறது. கருவின் முகம் ஐந்து தசைமேடுகளிலிருந்து வளர்கிறது: நெற்றியிலிருந்து ஒன்று கீழிறங்கும், மேல்தாடைக்கு இரு பக்கமும் ஒவ்வொன்று, கீழ்த்தாடைக்கு இரு பக்கமும் ஒவ்வொன்று. மேல்தாடை மேடு நடுவை நோக்கி நகர்ந்து, மூக்குக்குக் கீழே வரும் பகுதியைத் தொட வேண்டும். தொட்டபின் இடையிலுள்ள மெல்லிய தோல்படலம் கரைந்து இரண்டும் ஒரே தசையாக வேண்டும். நகர்வது சில நாள் தாமதமானாலோ, மேடு சற்றுச் சிறுத்திருந்தாலோ, படலம் கரையாவிட்டாலோ அங்கே இடைவெளி நிலைத்துவிடும். எல்லா மனிதருக்கும் ஒரு காலத்தில் இருந்த இடைவெளிதான் அது. அண்ணத்தின் கதை வேறு. அதன் இரு தட்டுகளும் முதலில் நாக்கின் இரு பக்கமும் செங்குத்தாகத் தொங்கும். தாடை வளர்ந்து நாக்கு கீழே இறங்கியதும் அவை மேலெழுந்து படுக்கைவாட்டில் நடுவே சந்திக்கும். தாடை சிறுத்து நாக்கு இறங்காவிட்டால் தட்டுகளுக்கு வழி கிடைக்காது.

உலக அளவில் ஏறக்குறைய 700 பிரசவத்துக்கு ஒன்று என்ற கணக்கில் இது வருகிறது. ஆசிய வம்சத்தாரிடம் கொஞ்சம் கூடுதல், ஆப்பிரிக்க வம்சத்தாரிடம் குறைவு. அண்ணத்தோடு சேர்ந்த உதட்டுப் பிளவு பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு இரண்டு மடங்கு. வலப்பக்கத்தைவிட இடப்பக்கம் அதிகம். உங்கள் மகன் இந்தப் பொது வடிவத்துக்கு அப்படியே பொருந்துகிறான். செப்டம்பர் 7 கிரகணம் ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா முழுக்கத் தெரிந்தது. முழு கிரகணம் 82 நிமிடம் நீடித்தது, டர்பனில் இரவுச் சமையல் நேரம். அன்று கத்தி எடுத்த கர்ப்பிணிகள் கோடிக்கணக்கில் இருப்பார்கள். அது காரணமாக இருந்தால் 2026 தொடக்கத்தில் உலகத்து மகப்பேறு வார்டுகள் பிளவுக் குழந்தைகளால் நிறைந்திருக்க வேண்டும்.

இந்த நம்பிக்கை நம்மவர்களுக்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்தவர்கள் கொண்டுவந்த வழக்கங்களில் இதுவும் இருந்திருக்கலாம். ஆனால் நம் மண்ணோடு எந்தத் தொடர்பும் இல்லாத மெக்சிகோவில் பழைய ஆஸ்டெக் மக்களும், கிரகணத்தில் நிலவைக் கடித்ததுபோலக் குழந்தையின் உதடும் கடிபடும் என்று நம்பினார்கள். அங்கே பரிகாரம் நேர் எதிர். நம் வீட்டில் கர்ப்பிணி கத்தி, ஊசி, இரும்பு எதையும் தொடக்கூடாது. அங்கேயோ கர்ப்பிணி வயிற்றருகே கத்தி வைத்துக்கொள்ள வேண்டும். இன்றைக்கும் ஊக்கோ சாவியோ உள்ளாடையில் குத்திக்கொள்கிறார்கள். ஒரே கிரகணம், ஒரே பிளவு, எதிரெதிரான இரண்டு காவல். இரண்டு நாட்டிலும் பிளவுக் குழந்தைகள் பிறந்துகொண்டுதான் இருக்கின்றன.

இங்கே இன்னொரு விநோதமும் நடக்கிறது. நம் வீடுகளில் பலர் கிரகண நேரத்தை ஊரிலிருந்து வரும் பஞ்சாங்கத்தையோ வாட்ஸ்ஆப் செய்தியையோ பார்த்துக் கடைப்பிடிக்கிறார்கள். 2019 டிசம்பர் 26 அன்று தமிழ்நாட்டில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. தென்னாப்பிரிக்காவில் அது தெரியவே இல்லை. இங்கிருந்து பார்க்க முடியாத கிரகணத்துக்காக இங்கே கர்ப்பிணியைப் பட்டினி போடுவதற்குச் சாஸ்திரத்திலேயே இடமில்லை. தெரியாத கிரகணத்துக்குத் தோஷமில்லை என்று பஞ்சாங்கங்களே போடும்.

அப்படியானால் இந்த நம்பிக்கை இவ்வளவு உறுதியாக நிற்பது ஏன்? நூறு கர்ப்பிணிகளில் இரண்டு மூன்று பேருக்கு ஏதோ ஒரு பெரிய பிறவிக் குறைபாட்டோடு குழந்தை பிறக்கும். மரபணுக் கோளாறுகளையும் சேர்த்தால் உலக அளவில் சுமார் 6 சதவீதம். ஆண்டுக்குக் குறைந்தது நான்கு கிரகணம் வரும்; இங்கே தெரியாததையும் பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கணக்கில் எடுத்தால், ஒன்பது மாதத்துக்குள் ஒன்றாவது வராமல் போவது அபூர்வம். எந்தத் தாயைக் கேட்டாலும் ஒரு கிரகணம் இருக்கும், அன்று ஏதாவது ஒரு வேலை செய்திருப்பார். குழந்தை நன்றாகப் பிறந்தால் அதை யாரும் நினைவில் தேடுவதில்லை. குறையோடு பிறந்தால் தேடுகிறார்கள், கிடைக்கிறது. பாதிக்கு மேற்பட்ட குறைபாடுகளுக்கு இன்றைய மருத்துவத்தால் இதுதான் என்று ஒற்றைக் காரணம் சொல்ல முடியவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் மாமியார் வாய்க்கு இடம் கிடைக்கிறது.

தாய் சொல்வதையெல்லாம் மூடநம்பிக்கை என்று தள்ளுவதும் தவறு. 1941இல் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர், பிறக்கும்போதே கண்புரை உள்ள குழந்தைகள் திடீரென்று கூடியதைக் கவனித்தார். கர்ப்பத்தின் தொடக்கத்தில் தங்களுக்கு ரூபெல்லா என்ற ஜெர்மன் அம்மை வந்ததாகத் தாய்மார்கள் சொன்னதை அவர் காதுகொடுத்துக் கேட்டார். ஒரு வைரஸ் நோய் கருவின் உறுப்புகளைக் கெடுக்கும் என்பது அப்படித்தான் உலகத்துக்குத் தெரிந்தது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு மாத்திரை, 1961 நவம்பரில் அங்கே திரும்பப் பெறப்படுவதற்குள் உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் குறுகிய கைகால்களோடு பிறக்கவைத்தது. கரு தரித்த 20ஆவது நாளுக்கும் 36ஆவது நாளுக்கும் இடையில் விழுங்கியவர்களுக்குத்தான் அந்தக் கேடு. ஆகவே, கர்ப்பத்தில் என்ன நடந்தது என்று தாயைக் கேட்பது சரியான கேள்வி. எந்த வாரத்தில் நடந்தது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். முதுகுத்தண்டின் குழாய் மூடுவது 28ஆவது நாளுக்குள். இதயத்தின் அறைகள் பிரிவதும் கைகால் விரல்கள் பிரிவதும் எட்டாவது வாரத்துக்குள். பல பெண்களுக்குக் கர்ப்பம் உறுதியாவதற்கு முன்பே இதில் பாதி முடிந்துவிடுகிறது. ஏழாம் மாதத்தில் பாம்பைக் கண்டு பயந்தது, எட்டாம் மாதத்தில் கேட்ட பலகாரம் கிடைக்காதது, வளைகாப்புக்கு வந்தவளின் கண்ணேறு என்று சொல்லப்படும் எதுவும் கால வரிசையிலேயே பொருந்தாது. குழந்தையின் இடுப்பிலும் பிட்டத்திலும் காணும் நீலக் கறையும் கிரகணத் தழும்பு அல்ல. இந்திய, ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு அது மிகச் சாதாரணம், பள்ளி வயதுக்குள் மங்கிவிடும். நாகதோஷமும் முன்வினையும் இந்தக் கணக்குக்குள் வருவதில்லை. அவற்றைச் சொல்லி ஒரு தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதை மட்டும் அனுமதிக்காதீர்கள்.

கிரகணப் பட்டினியால் ஒரு கேடு நிஜமாகவே உண்டு. இன்சுலின் போட்டுக்கொள்ளும் கர்ப்பிணி ஐந்தாறு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். 2030 நவம்பர் 25 காலையில் முழுச் சூரிய கிரகணம் டர்பன் மேலேயே கடந்து போகும். அன்றைக்கு எல்லோரும் கவனிக்க வேண்டியது கண்ணைத்தான்: சூரியனைப் பார்ப்பதென்றால் அதற்கென்று உள்ள வடிகட்டிக் கண்ணாடி வேண்டும். கர்ப்பிணி வேளைக்குச் சாப்பிட வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது.

இனி, உண்மையில் எவை ஆபத்தைக் கூட்டுகின்றன என்பதற்கு வருகிறேன். நம் சமூகத்தில் முதலிடம் சர்க்கரை நோய்க்கு. தென்னாப்பிரிக்க இந்திய வம்சத்தாரிடம் இரண்டாம் வகைச் சர்க்கரை மிக அதிகம், அதுவும் இள வயதிலேயே வருகிறது. கரு தரிக்கும் நேரத்தில் தாயின் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் இதயக் குறைபாடு, முதுகுத்தண்டுப் பிளவு, உதட்டு அண்ணப் பிளவு ஆகியவற்றின் வாய்ப்பு இரண்டு முதல் நான்கு மடங்கு வரை ஏறும். கர்ப்பத்துக்கு முன்பே, கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்ற இரத்தச் சோதனை அளவு 6.5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். 10க்கு மேல் இருந்தால் அதைக் குறைக்கும் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். கர்ப்பத்தின் 24ஆம் வாரத்துக்குப் பிறகு புதிதாக வரும் சர்க்கரை உறுப்புகளின் அமைப்பைக் கெடுப்பதில்லை, அவை அதற்குள் உருவாகிவிட்டன. ஆனால் கர்ப்பச் சர்க்கரை என்று பெயர் எழுதப்படுவதில் ஒரு பகுதி, முன்பே இருந்தும் யாரும் பார்க்காமல் விட்ட இரண்டாம் வகைதான். உங்கள் மனைவிக்கு முதல் மூன்று மாதத்தில் இரத்தச் சர்க்கரை பார்த்தார்களா என்று அட்டையில் தேடுங்கள். பார்க்கவில்லையென்றால், பிரசவமாகி ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். அடுத்த குழந்தைக்கு நீங்கள் செய்யக்கூடியவற்றில் இதைப் போல் பலன் தருவது குறைவு.

அடுத்தது ஃபோலிக் அமிலம். 2003 அக்டோபர் முதல் தென்னாப்பிரிக்காவில் மக்காச்சோள மாவான மீலிமீலிலும் கோதுமை மாவிலும் இதைச் சேர்ப்பது சட்டக் கட்டாயம். அதன்பின் முதுகுத்தண்டுக் குழாய்க் குறைபாடுகள் 1,000 பிரசவத்துக்கு 1.41 என்பதிலிருந்து 0.98 ஆகக் குறைந்தன. அரிசிக்கு இந்தக் கட்டாயம் இல்லை. மூன்று வேளையும் சோறு சாப்பிடும் வீட்டுக்கு இந்தப் பலன் முழுதாகப் போய்ச் சேராது. ரொட்டியோ, ரொட்டிக்குள் கறி நிரப்பிய பன்னி சாவோ சாப்பிடும்போதுதான் கொஞ்சம் உள்ளே போகிறது. அதனால் மாத்திரையை நம்ப வேண்டும்: கருத்தரிக்க முயலும் முன் குறைந்தது ஒரு மாதமும், கர்ப்பத்தின் முதல் 12 வாரமும், தினம் 400 மைக்ரோகிராம். சர்க்கரை, வலிப்பு மருந்து, முன் குழந்தைக்கு முதுகுத்தண்டுப் பிளவு ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் 5 மில்லிகிராம். அரசு கிளினிக்கில் பொதுவாகக் கொடுப்பதே 5 மில்லிகிராம் மாத்திரைதான். கர்ப்பம் உறுதியாகி, எட்டாவது வாரத்தில் கிளினிக்குக்குப் போய், அன்று முதல் விழுங்கினால் முதுகுத்தண்டுக்கு அது தாமதம், மாதவிலக்கிலிருந்து எண்ணினால் குழாய் ஆறாவது வாரத்திலேயே மூடியாயிற்று. முதுகுத்தண்டுப் பிளவுக்கு ஃபோலிக் அமிலத்தின் பலன் ஐயமற்றது. உதட்டுப் பிளவுக்கு அந்த அளவு உறுதியான சான்று இல்லை. ஆனாலும் விழுங்குவதில் நட்டமில்லை.

மருந்துகளில் முதலில் பார்க்க வேண்டியது வலிப்பு மருந்து. எபிலிம் என்ற பெயரில் கிடைக்கும் சோடியம் வால்ப்ரோயேட் சாப்பிடும் தாய்மாருக்குப் பத்தில் ஒரு குழந்தை பெரிய குறைபாட்டோடு பிறக்கிறது. இன்னொரு வலிப்பு மருந்தான டோபிரமேட் உதட்டுப் பிளவின் வாய்ப்பைக் கூட்டும். ஆனாலும் இவற்றைத் தானாக நிறுத்தக்கூடாது. திடீரென நிறுத்தினால் வரும் வலிப்பு தாயையும் குழந்தையையும் கொல்லும். கர்ப்பத்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு இங்கே பரவலாக எழுதும் எனலாப்ரில் பிற்பாதிக் கர்ப்பத்தில் குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதற்குப் பதில் மெத்தில்டோபா கொடுப்பார்கள். இதய வால்வுக்காக வார்ஃபரின் சாப்பிடுபவர்கள், பருவுக்காக ரோஅக்குட்டேன் சாப்பிடுபவர்கள், மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவர்கள் திட்டமிடாமல் கர்ப்பமாகக் கூடாது. சர்க்கரைக்கான மெட்ஃபார்மினும் இன்சுலினும் அப்படியல்ல, தொடரலாம். புகைபிடித்தால் உதட்டுப் பிளவின் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. கருவில் மது பாதித்த குழந்தைகள் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான நாடு தென்னாப்பிரிக்கா.

ரூபெல்லா தடுப்பூசி இங்கே நெடுங்காலம் அரசு அட்டவணையில் இல்லை, தனியார் கிளினிக்கில் காசு கொடுத்தவர்களுக்குத்தான் கிடைத்தது. இன்று தாய்மை வயதில் இருக்கும் பல பெண்கள் அதைப் போட்டுக்கொள்ளாதவர்கள். இரத்தத்தில் எதிர்ப்புசக்தி உண்டா என்று பார்த்து, இல்லையென்றால் ஊசி போட்டு, ஒரு மாதம் கழித்துக் கருத்தரிக்கலாம். கர்ப்பத்தில் அந்த ஊசி போடக்கூடாது.

உறவுத் திருமணத்தையும் மறைக்காமல் பேச வேண்டும். மாமன் மகள், அத்தை மகன் முறையில் கட்டியவர்களுக்கு, மற்றவர்களுக்கு இருக்கும் 2, 3 சதவீத வாய்ப்போடு இன்னும் 2, 3 சதவீதம் சேரும். இருவருக்கும் பொதுவான தாத்தா பாட்டியிடமிருந்து ஒரே பழுதான மரபணு இருவழியிலும் வந்து சேரக்கூடும் என்பதுதான் காரணம். அப்படிக் கட்டியவர்களிலும் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேருக்குமேல் நல்ல குழந்தைகளைப் பெறுகிறார்கள். இதில் பழி பெண் வீட்டுக்கு மட்டும் போக வழியே இல்லை. பாதி மரபணு ஆணுடையது.

இப்போது உங்கள் மகனுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது. இந்த மாதங்களில் பெரிய ஆபத்து பசிதான். அண்ணம் திறந்திருப்பதால் வாய்க்குள் காற்று இழுக்கும் விசை உண்டாகாது, மார்பில் வாய் வைத்தாலும் பால் வராது. உதடு மட்டும் பிளந்த குழந்தை தாய்ப்பால் குடித்துவிடும், அண்ணமும் பிளந்த குழந்தை பெரும்பாலும் குடிக்க முடியாது. அதற்காகத் தாய்ப்பாலை விட வேண்டியதில்லை, பீய்ச்சி எடுத்துக் கொடுங்கள். அழுத்தினால் பீச்சும் மென்மையான பிளாஸ்டிக் பால்புட்டியை மருத்துவமனையின் பேச்சு சிகிச்சையாளரிடம் கேட்டு வாங்குங்கள். இங்கே பாலூட்டப் பழக்குவதும் அவர்கள் வேலைதான். குழந்தையை ஏறக்குறைய உட்கார்ந்த நிலையில் பிடித்து, காம்பைப் பிளவில்லாத பக்கம் வைத்து, அவன் உறிஞ்சும் தாளத்தோடு சேர்த்துப் புட்டியை மெல்ல அழுத்துங்கள். அவன் நிறுத்தினால் நீங்களும் நிறுத்த வேண்டும். காம்பின் துளையைப் பெரிதாக வெட்டினால் பால் கட்டுப்பாடில்லாமல் பாய்ந்து மூச்சுக்குழலில் ஏறும். மூக்கு வழியே கொஞ்சம் பால் வருவது சாதாரணம், பயப்பட வேண்டாம், துடைத்துவிட்டுத் தொடருங்கள். ஒரு வேளைக்கு 30 நிமிடத்துக்கு மேல் போனால், குடிப்பதில் பெறும் சக்தியை அவன் குடிக்கும் முயற்சியிலேயே செலவழித்துவிடுவான். முதல் வாரம் முடிந்தபின் நாளொன்றுக்குக் கிலோவுக்குச் சுமார் 150 மில்லி பால் வேண்டும். இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பி, பிறகு நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். வாரா வாரம் ஒரே தராசில் எடை பார்த்து குழந்தையின் வளர்ச்சியைப் பதியும் ரோட் டு ஹெல்த் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். நாளில் ஆறுக்கும் குறைவாக நாப்பி நனைந்தால், ஒவ்வொரு முறை குடிக்கும்போதும் இருமித் திணறினால், உதடு நீலம் பாய்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிளவோடு வேறு ஏதும் இருக்கிறதா என்று ஒரு மருத்துவர் தலை முதல் கால் வரை பார்க்க வேண்டும். உதடும் அண்ணமும் பிளந்த குழந்தைகளில் சுமார் 30 சதவீதத்தினருக்கு வேறு உறுப்பிலும் குறையோ, ஒரு மரபணு நோயோ இருக்கும். இதயத்தைக் கேட்டுப் பார்க்கவில்லையென்றால் கேட்கச் சொல்லுங்கள். கீழ்த்தாடை மிகச் சிறுத்து, மல்லாக்கப் படுத்தால் மூச்சுத் திணறுகிறது என்றால் அதுவும் அவசரம். இன்னொன்றை நீங்களே பார்க்கலாம்: குழந்தையின், உங்கள், உங்கள் மனைவியின் கீழுதட்டில் நடுவுக்கு இருபக்கமும் சிறு குழிகள் உண்டா? அப்படி இருந்தால் அது வான்டர்வூட் நோய்க்குறியாக இருக்கலாம். பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால், அதன் மரபணு அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. கூட்டவோ குறைக்கவோ எந்த விரதத்தாலும் முடியாது, ஆனால் முன்கூட்டித் தெரிந்துகொள்ளலாம்.

உதட்டுக்கு அறுவை மூன்று மாதத்துக்குப் பிறகு. பத்து வாரம், நாலரைக் கிலோ, ஹீமோகுளோபின் 10 என்பது பழைய அளவுகோல். இன்றும் பல இடத்தில் அதைத்தான் பார்க்கிறார்கள். அண்ணத்துக்கு ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வயதை ஒட்டி. இதைத் தள்ளிப்போட்டால் பேச்சு மூக்கிலேயே தங்கிவிடும், பின்னால் திருத்துவது கடினம். ஒன்றரை வயதைத் தாண்ட விடாதீர்கள். அண்ணம் பிளந்த குழந்தைகளுக்குக் காதுக்குள் நீர் கட்டுவது வழக்கம், அதனால் செவி மந்தப்படும். செவிச் சோதனையும், தேவைப்பட்டால் காதில் சிறு குழாயும் இந்தச் சிகிச்சையின் பகுதி. ஈறில் எலும்பு வைக்கும் அறுவை எட்டு முதல் பத்து வயதில், கோரைப் பல் முளைப்பதற்கு முன். குவாசுலு நேட்டாலில் இந்த வேலைகள் இன்கோசி அல்பர்ட் லுதுலி மருத்துவமனையில் நடக்கின்றன. அங்கே நேரே போக முடியாது, உங்கள் பகுதி மருத்துவமனையின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். குழந்தை பிறந்த மருத்துவமனையை விட்டு வெளியேறுமுன் அந்தக் கடிதம் எழுதப்பட்டதா, தேதி கிடைத்ததா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லையென்றால் நாளைக்கே போய்க் கேளுங்கள். மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீடு இல்லாத, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அரசு மருத்துவமனையில் 1994 முதல் கட்டணம் இல்லை.

மாமியார் டர்பன் பக்கத்து இசிப்பிங்கோ மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டால் அதைத் தடுக்க வேண்டாம். நேர்ச்சையும் அறுவையும் ஒன்றை ஒன்று மறிப்பதில்லை. வெள்ளிக்கிழமை விளக்கை ஏற்றட்டும், செவ்வாய்க்கிழமை கிளினிக் தேதி தவறக்கூடாது. தோஷம் கழித்தபின்தான் கத்தி வைக்க வேண்டும் என்று மூன்று மாதம் ஆறு மாதமாவதை மட்டும் விடாதீர்கள். அவரிடம் வாதாட வேண்டாம். ஏப்ரல் 20இலிருந்து வாரங்களை எண்ணி ஒரு தாளில் எழுதி, ஜூனில் உதடு சேர்ந்த வாரத்தையும் செப்டம்பர் 7ஐயும் குறித்து அவர் கையில் கொடுங்கள். பேரனின் முகம் எந்த மாதத்தில் உருவானது என்று அறியும் ஆயா, மருமகளை வேறு கண்ணோடு பார்ப்பார். உங்கள் மனைவி இரண்டு வாரத்துக்கு மேல் அழுதபடியே இருந்தால், தூக்கமோ பசியோ போயிருந்தால், அது பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கும் மருந்து உண்டு, கிளினிக்கில் நர்ஸிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

அடுத்த குழந்தையைப் பற்றி. தாய் தகப்பன் இருவருக்கும் பிளவில்லை, முதல் குழந்தைக்கு வேறு நோய்க்குறி இல்லை என்றால், அடுத்ததுக்கு வரும் வாய்ப்பு சுமார் 4 சதவீதம். நூற்றில் தொண்ணூற்று ஆறு குழந்தைகளுக்கு வராது. கருத்தரிக்குமுன் சர்க்கரை, ரூபெல்லா, மருந்துப் பட்டியல் மூன்றையும் பார்த்து, ஃபோலிக் அமிலத்தைத் தொடங்கிவிடுங்கள். கர்ப்பம் என்று தெரிந்தவுடன், 14 வாரத்துக்குள் பதிவு செய்யுங்கள். *134*550# என்ற எண்ணை அழுத்தினால் கர்ப்பிணிகளுக்கான அரசுத் தகவல் சேவையான மாம்கனெக்ட் செய்திகள் தொலைபேசிக்கே வரும். விரிவான உறுப்பு ஸ்கேனை 18ஆம் வாரத்திலேயே கேட்டு வாங்குங்கள், முதல் குழந்தையின் விவரத்தைப் பரிந்துரையில் எழுதச் சொல்லுங்கள். அப்போதுதான் பார்ப்பவர் உதட்டைத் தேடிப் பார்ப்பார். பதினெட்டு என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1996ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம், கடுமையான உடல் அல்லது மனக் குறைபாட்டுக்குப் பெரும் வாய்ப்பு இருந்தால் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தோடு முடிவெடுக்க விடுகிறது. அதற்குப்பின் நிபந்தனைகள் இறுகும், இரண்டு பேரின் ஒப்புதல் வேண்டும். உதட்டுப் பிளவு திருத்தக்கூடியது, அதற்காக யாரும் அந்த முடிவுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் அந்த ஸ்கேனில் வேறு ஏதேனும் தென்பட்டால் யோசிக்கவும் மரபியல் ஆலோசகரைப் பார்க்கவும் உங்களுக்கு நாள் மிச்சமிருக்க வேண்டும்.

அரசின் சமூக உதவித்தொகை அமைப்பான சாசா தரும் பராமரிப்பு உதவித்தொகையையும் சிலர் விசாரிப்பார்கள். அது 18 வயதுக்குட்பட்ட, கடுமையான குறைபாட்டால் நிரந்தர முழுநேரக் கவனிப்பு தேவைப்படும் குழந்தைகளுக்கானது. பிளவுக்கு மட்டும் பொதுவாகக் கிடைப்பதில்லை. இதயமோ மூளையோ சேர்ந்து பாதிக்கப்பட்டிருந்தால் விண்ணப்பிக்கலாம். பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் அடையாள அட்டை, வருமானச் சான்று, அரசு மருத்துவரின் மதிப்பீடு ஆகியவை தேவை.